இடது பக்கத்து முடி

எங்கள் வீட்டில் வேண்டிக்கொள்வது ஒருவர், மொட்டை போடுவது இன்னொருவர். மூன்று வயதில் நான் போட்ட மொட்டை அப்பாவின் வயிற்றுவலிக்காக. பத்து வயதில் போட்டது காணாமல் போன ஆட்டுக்காக. ஆடு சாயங்காலமே தானாக வந்துவிட்டது, என் முடி போனது போனதுதான். அம்மாவுக்கு ஒரு பயம் வந்தால் இருக்கன்குடி மாரியம்மனிடம் முதலில் கொண்டுபோய் நீட்டுவது என் தலையைத்தான். ஆனால் கடைசியாக அவள் நீட்டியபோது நான் மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

இருபத்திரண்டு வயதில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தேன். பக்கத்து அறையில் மருந்து தீப்பிடித்து, வெளியே ஓடிய என் சடையிலும் தீ ஏறிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. இடது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து, ஆறிய பிறகு அந்த இடம் பளபளவென்று கிடந்தது. வலது பக்கம் மறுபடியும் இடுப்பு வரை வளர்ந்த முடி, இடது பக்கம் தழும்பு. அதற்குப் பிறகு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். ஐந்து வருடம், வெயிலானாலும் மழையானாலும் தலையில் துப்பட்டா. ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டியவர்களிடம் நான் நல்லபடியாகப் பேசியதே கிடையாது. பெண் பார்க்க வந்த ஓர் அம்மா துப்பட்டாவை எடுக்கச் சொன்னபோது, எடுத்துக் காட்டிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்றேன். இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தமில்லை.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில், காலண்டர் சீசன் முடிந்த ஓய்வில், எங்கள் அச்சகத்துக்கு மதுரை ஆஸ்பத்திரி ஒன்றின் நோட்டீஸ் ஆர்டர் வந்தது. உங்கள் உடம்பின் செல்களாலேயே உங்கள் முடி வளரும் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதை ஆயிரக்கணக்கில் மடித்தது நான்தான். கடைசி நோட்டீஸை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மதுரைக்குப் போய் அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் நோட்டீஸை நீட்டியபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முடி வேரின் செல்களைத் தட்டில் வைத்து வளர்த்து, பெருக்கி, ஊசியாகப் போடுவதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, அது தன்னிடம் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். தன்னால் முடிந்தது, பின்மண்டையிலிருந்து வேர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தழும்பில் நடுவது. என் ரத்தத்தையே மெஷினில் சுற்றிப் பிரித்து, அதன் சாரத்தை அங்கே ஊசியாகப் போடுவது. தழும்புத் தோலில் வேர் பிடிக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றார். அந்த வார்த்தைக்காகவே அவரை நம்பினேன்.

இன்னொன்றும் சொன்னார். நட்ட முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டிவிடும், பயப்படக் கூடாது, வேர் உள்ளே இருக்கும், நாலு மாதத்தில் முளைக்கத் தொடங்கும். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தெரு முழுக்கப் போய் விசாரித்துவிட்டு வருவாள் என்ற எரிச்சல். இந்தக் கதையில் தப்பு என்று ஒன்று இருந்தால் அது என்னுடையதுதான்.

மதுரையில் நட்டுக்கொண்டு வந்தேன். சொன்னபடியே மூன்றாம் வாரம் நட்ட முடி கொட்டியது. தலையணை உறையை உதறப்போன அம்மா அதைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் சாத்தூருக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினாள், நான் சந்தைக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம் ஒருநாள் குளிக்கும்போது விரலில் சொரசொரவென்று பட்டது. கண்ணாடியை வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். அம்மாடி, அத்தனையும் கறுப்பு! அன்றைக்கு இருந்த கர்வம் வேறெதற்கும் எனக்கு வந்ததில்லை. என் வேர், என் ரத்தம், வெந்துபோன தோலைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது. அப்புறம் ஒன்றரை வருடம் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டேன். காது மறைந்தது. பொங்கல் லீவு முடிந்த மறுநாள் துப்பட்டா இல்லாமல் அச்சகத்துக்குப் போவது என்று முடிவு செய்து அம்மாவிடம் சொன்னேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அதுக்கு முன்ன இருக்கன்குடிக்குப் போயிட்டு வந்துருவோம் தாயி. முளைச்சா மொத முடி ஒனக்குத்தான்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சீப்பு சுவரில் போய் விழுந்தது. "ஒன் முடியக் குடுக்க வேண்டியதுதான? என் தலைதான் கெடைச்சதா?"

"எல்லாம் கொட்டிப்போச்சுன்னு நெனச்சேன்த்தா. எனக்கு யாரு சொன்னா?"

மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, மொட்டை போட்டால் எல்லாம் போய்விடுமா என்று கேட்டேன். வேர் தோலுக்குள்ளே இருக்கிறது, மேலே வழித்தால் திரும்ப வரும், அன்றைக்கே சொன்னேனே, வீட்டில் சொல்லவில்லையா என்றார். போனை வைத்த பிறகுதான், எப்போது வேண்டிக்கொண்டாய் என்று அம்மாவிடம் கேட்டேன். முடி கொட்டிய மறுநாள் சாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, இருக்கன்குடி வரைக்கும் வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நடை இல்லை.

போனோம். டாக்டர் சொன்னது மனதில் இருந்தும், ஈரத் தலையோடு உட்கார்ந்தபோது இடது பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டேன். திரும்ப முளைக்காவிட்டால் இன்னொரு தடவை எடுத்து நட எனக்குத் தெம்பில்லை. மொட்டை போடுபவர் வலது பக்கத்தை முடித்துவிட்டு இடது பக்கம் வந்தார். பாதி வழித்துவிட்டு, முடிக்கு அடியில் இருந்த தழும்பைத் தடவிப் பார்த்தார். கத்தி நின்றது.

"தீக்காயமாத்தா? தீக்காயத்துல கத்தி சும்மா வழுக்கிட்டுல்ல போகும். இங்கன கத்திக்கு முடி சிக்குது."

சந்தனக் கிண்ணத்தோடு நின்ற அம்மா முன்னால் வந்தாள். "என்ன சொன்னீக? இன்னொருக்கா சொல்லுங்க."

அவர் இன்னொரு தடவையும் சொன்னார். அம்மா அழுதாள். நான் அழவில்லை, குனிந்த தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

பொங்கல் லீவு முடிந்த மறுநாள், சொன்னபடியே துப்பட்டா இல்லாமல் அச்சகத்துக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, இருக்கன்குடியா என்று கேட்பதோடு சரி. ஐந்து வருடம் என் துப்பட்டாவையே பார்த்தவர்கள் அன்றைக்கு வேலையைப் பார்த்தார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கையைப் பிடித்து இடது பக்கம் வைத்தேன்.

"ஏத்தா, குத்துதே" என்றார்.

"குத்தும்க்கா. முளைக்குதுல்ல."