கிட்டங்கிக்குள் வராதவர்கள்

எங்கள் அப்பா இறைவனிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. நல்லதை மட்டும் எழுது என்று சொல்லித்தான் அண்ணன்மார் இருவரும் இந்த நினைவு மலரின் பக்கங்களை என்னிடம் விட்டார்கள். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கிட்டங்கியை விட்டுவிட்டு அப்பாவை எழுத முடியவில்லை.

அப்பா பிறந்தது கீழவைப்பாரில். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து தூத்துக்குடிக்கு வந்து, மூட்டை தூக்கி முன்னேறி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு வைக்கும் கிட்டங்கியாக ஓட்டுக் கட்டடம் ஒன்றை வாங்கினார்கள். கொழும்புக்குத் தோணியில் போகும் வெங்காயம் அங்கேதான் இருப்பு. அடுத்த தெருப் பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுகலைப் பொறுக்குவார்கள். உதிரி வெங்காயத்தை அவர்கள் மடியில் கட்டிக்கொண்டு போக அப்பா ஒரு நாளும் தடை சொன்னதில்லை. பிள்ளை பெறப் போனவளுக்கு, அவள் திரும்பும்வரை வேலையை வைத்திருப்பார்கள்.

எழுபதுக்குப் பிறகு இலங்கைக்கு வெங்காயம் போவது நின்றது. கிட்டங்கி பூட்டிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து மதுவிலக்கும் போயிற்று. சாராயக் கடைக்கு இடம் கேட்டு வந்தவர்களிடம் அப்பா வாடகை பேசிச் சாவியைக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் குடிப்பவர் கிடையாது என்று கோயிலில் தலைநிமிர்ந்து நடந்தோம். என்ன வெட்கங்கெட்ட பெருமை! முன்பு வெங்காயம் பொறுக்கிய பெண்கள், அதே வாசலில் புருஷன்மாரைத் தேடி நின்றார்கள். அவர்களில் ஒருவரான செலின் அக்காவின் கணவர் அங்கே குடித்துவிட்டு வரும் வழியில் சாக்கடையில் விழுந்து இறந்தார். அதன்பின் அந்தப் பெண்கள் மாதா கெபி முன் கூடி, அந்தக் கிட்டங்கிப் படியை இனி மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள்.

மதுவிலக்கு திரும்ப வந்ததும் கடை மூடிற்று. வெள்ளையடித்து, ரேஷன் அரிசி மூட்டை அடுக்க விட்டோம். அதோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டோம்.

அப்பா மூச்சுத்திணறலில் இறந்தபோது, எங்கள் வீடு குறுகல் என்பதால் கிட்டங்கியை ஒழித்து அங்கே கிடத்தினோம். சத்தியம் எங்களுக்கு மறந்தே போயிருந்தது. ஆண்கள் உள்ளே வந்தார்கள். செபமாலை சொல்ல வேண்டிய பெண்கள் வெயிலில் தெருவிலேயே நின்றார்கள். அண்ணன்மார் கூப்பிட்டார்கள்; யாரும் அசையவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன்.

"ஏளா, நாங்க அந்தப் படிய மிதிக்க மாட்டோம். உங்கப்பாவ இங்கன கொண்டாங்க, செபம் சொல்லுதோம்" என்றார் செலின் அக்கா.

பெட்டியைத் தூக்கி வந்து நடுத்தெருவில் பெஞ்சில் வைத்தோம். ஊரே பார்த்தது. எனக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. செபம் முடிந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார்.

"போன தபசு காலத்துல, ஈஸ்டருக்கு முந்தி, உங்கப்பா வீடு வீடா வந்தாவ. மன்னிச்சிருங்கன்னு வாசல்ல நின்னாவ. நான் உள்ள வாங்கன்னு சொல்லல. உங்களுக்குத் தெரியாதாளா?"

தெரியாது. அப்பா தனியாகப் போயிருக்கிறார்கள். அந்த வாடகையில் சோறு தின்ற நாங்கள் ஒருவரும் கூடப் போகவில்லை.

அப்பாவின் கடைசி நாட்களில் கவனித்த டாக்டருக்கும், அடக்கச் சடங்கை நடத்திய பங்குச் சாமிக்கும், உடன் நின்ற உறவினருக்கும் எங்கள் நன்றி. வெயிலில் நின்று செபம் சொன்ன தாய்மாரே, இந்த மலரை உங்களுக்கு யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. அண்ணன்மாரும் நானும் அப்பா போன வீடுகளுக்கெல்லாம் வருகிறோம். எங்களை உள்ளே கூப்பிட வேண்டாம், வாசலிலேயே நிற்கிறோம்.