இடப்பக்கம் சாய்ந்த நான்கு

பழைய மாடல் உருண்டைக் கார் எங்கேயாவது நின்றால், இப்போதும் என் கால் தானாக நின்றுவிடுகிறது. எலெக்ட்ரானிக் சிட்டியில் என்னோடு வேலை செய்கிறவர்கள் எனக்குக் கார்ப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். எனக்குக் கார் ஓட்டக்கூடத் தெரியாது.

தொண்ணூறுகளில் நாங்கள் ஜீவனஹள்ளியில் வாடகைக்கு இருந்தோம். அம்மாவுக்கு கார்மென்ட்ஸில் தையல் வேலை. அப்பாவுக்குச் சென்னைப் பக்கம் ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை. மாதம் ஒருமுறை ரயிலேறி வருவார். வண்டிகளுக்கு சேசிஸ் நம்பர் அடிப்பவர் அவர். ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனி இரும்பு அச்சு உண்டாம். அதைச் சட்டத்தின் மேல் நிறுத்திச் சுத்தியலால் ஒரே அடி. இரண்டாவது அடி விழுந்தால் எண் இரட்டையாகத் தெரியும், சூப்பர்வைசரிடம் திட்டு விழும். இதையெல்லாம் அப்பா சோற்றை ஆறவிட்டு, கரண்டியை வைத்து நடித்துக் காட்டுவார்.

அவர் இடது கைக்காரர். அந்தப் பிரிவில் வேறு யாரும் அப்படி இல்லை. "கடைசி நம்பர்கிட்ட வரும்போது கை அவசரப்படும்டி. மத்தவங்களுக்கு அது வலது பக்கம் சாயும், எனக்கு மட்டும் இடது பக்கம். பாத்தாலே இது அப்பா அடிச்சதுன்னு கண்டுபிடிச்சிடலாம்" என்று பெருமையாகச் சொல்வார்.

பிறகு அப்பா வருவது நின்றுபோனது. கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள், துபாய்க்குப் போகிறேன், போனதும் கடிதம் போடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனவர்தான். வருடம் ஒன்று தாண்டியும் எதுவும் வரவில்லை. அம்மா வேலைவிட்டு வந்ததும் கதவிடுக்கில் குனிந்து பார்ப்பாள். நான் கார்களுக்குள் குனிந்து பார்த்தேன். அப்பாவைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது. அவர் இல்லையென்றால் அவர் கை பட்ட ஏதாவது போதும் என்றிருந்தது. தெருவில் நிற்கும் டாக்ஸிக்காரர்களை பானெட்டைத் திறக்கச் சொல்லி நச்சரிப்பேன். எல்லாக் கடைசி எண்களும் வலப்பக்கமே சாய்ந்திருந்தன.

எதிர்வீட்டு டாக்ஸி அண்ணன் புது வண்டி எடுத்தார். பூஜை போட்ட மாலை வாடுவதற்குள் போய் நின்றேன்.

"உனக்கு இதே வேலையா பாப்பா? சொல்ப இரு, இன்ஜின் சூடா கீது" என்று கன்னடம் கலந்து சொன்னவர், சிரித்துக்கொண்டே திறந்துவிட்டார்.

கடைசி எண் நான்கு. இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எடுப்பதுபோல, எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "யாரு வண்டிடி இது?"

"எதிர்வீட்டு அண்ணனோடது. அப்பா அடிச்சதும்மா."

"பழைய வண்டி வாங்கியிருக்கானா?"

"இல்லம்மா, புத்தம் புதுசு. கம்பெனியிலேர்ந்து போன வாரம்தான் வந்துச்சாம்."

அம்மா அந்த நான்கின் மேல் விரலை வைத்து, அது கரியாகிக் கலையும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, "கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள். மறுநாளிலிருந்து அவள் கதவிடுக்கில் குனிந்து பார்க்கவில்லை.

எனக்குத்தான் கோபம் ஆறவில்லை. துபாயிலிருந்து அவ்வளவு தூரம் வந்து யாருடைய வண்டிக்கோ நம்பர் அடித்துக் கொடுத்தவர், எங்களைப் பார்க்காமல் திரும்பிவிட்டாரே. அப்புறம், பாவம், நேரம் இருந்திருக்காது என்று நானே அவருக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.