ஸ்டார்ட்டர் பெட்டி இருந்த இடம்

சாலைத்துறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவளுக்குச் சென்னையிலிருந்து கோப்பு திரும்பி வருவது புதிதில்லை. ஆனால் அந்தக் கோப்பு வந்த அன்று எனக்கு வந்த கோபம் புதிது. மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு பள்ளத்தின் குறுக்கே உயர்மட்டப் பாலம் கட்ட நான் தயாரித்து அனுப்பிய திட்டம் அது. எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். வருடத்தில் பத்து மாதம் அதில் ஆடு மேயும். மீதி இரண்டு மாதம் மலையில் பெய்கிற மழை மொத்தமும் அந்த வழியாகத்தான் இறங்கும். அப்போதெல்லாம் அங்கிருந்த பழைய தரைப்பாலம் தண்ணீருக்கு அடியில் போய்விடும்.

வடிவமைப்பை ஆய்வு செய்தவர் இளம் பொறியாளர். என் மகளைவிட இரண்டு வயது மூத்தவராக இருந்தால் அதிகம். கோப்பில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: வெள்ள மட்டம் எப்படி முடிவு செய்யப்பட்டது? உடனே போனைப் போட்டேன்.

"ஊர்க்காரங்களக் கேட்டுத்தான் தம்பி. எல்லாம் அங்கயே இருக்கறவங்க."

"சரி மேடம். எப்படிக் கேட்டீங்க?"

"எப்படின்னா? வாயாலதான்."

அவர் சிரிக்கவில்லை. மழை இறங்கும் மலைப்பரப்பை வைத்துக் கணக்குப் போட்டால் வருகிற தண்ணீர், நான் எழுதிய மட்டத்துக்குள் அடங்கவே இல்லை என்றார். அந்த வித்தியாசம் எனக்கும் முன்பே தெரியும். கண்ணால் பார்த்த நாலு பேர் சொன்ன பிறகு கணக்கு எதற்கு என்று விட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. ஆதாரத்தோடு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, போனை வைத்த கையோடு, ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊர்ப் பள்ளத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை ஆபீசே கேட்கும்படி திட்டித் தீர்த்தேன்.

என் அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பள்ளத்துக்கு அந்தக் கரையில் பாக்குத் தோப்பு வைத்திருக்கும் ஓர் அக்கா. அவருடைய வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திங்களும் வியாழனும் மேட்டுப்பாளையத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். முந்தைய ஐப்பசியில் தரைப்பாலம் முழுகி, ஒரு வியாழக்கிழமை போக முடியாமல், மறுநாள் மூச்சு வாங்கி, கால் இரண்டும் வீங்கி, டிராக்டரில் உட்காரவைத்துக் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு முறை நான் அங்கே போகும்போதும் அந்த அக்கா பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். அது கேட்பதைவிட மோசம்.

ஆதாரம் தேடி அடுத்த நாளே கிளம்பினேன். முதல் தடவை வெள்ள மட்டம் விசாரித்ததும் இதே தோப்பில்தான். தரைப்பாலத்துக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய மோட்டார் ரூம் இருக்கிறது. அன்று நான் அதன் வாசற்படியைக் காட்டி, "தண்ணி இந்தப் படி வரைக்கும் வந்திருக்குமுங்களா?" என்று கேட்டேன். அக்கா "ஆமாங்க" என்றார். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேரும் "மேடம் சொல்றது சரிதானுங்க" என்றார்கள். எழுதிக்கொண்டேன்.

இந்த முறை அக்கா மட்டும் இருந்தார். சென்னைக்காரருக்கு அனுப்பப் படியைப் போட்டோ எடுத்துக்கொண்டே, பேச்சுவாக்கில் மோட்டார் ரூம் ஜன்னலைக் காட்டினேன். "ஏனுங்கக்கா, ஒருவேளை அதுவரைக்கும் வந்திருக்குமோ?"

"ஆமாங்க, வந்துச்சுங்க."

எனக்குச் சுருக்கென்றது. திரும்பி, கீழே தரைப்பாலத்து ஓரக் கல்லைக் காட்டி, "இல்ல, அந்தக் கல்லோட நின்னுருச்சுங்களா?" என்றேன்.

"ஆமாங்க, நின்னுருச்சுங்க."

கையில் கேமராவோடு அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊர்ப் பழக்கம் எனக்குத் தெரியாததா? நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர், பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் அண்ணனைப் பார்த்து, "பையன் பன்னெண்டாவதுங்களா?" என்று கேட்டார். எங்கள் அப்பா "ஆமாங்க" என்றார். வந்தவர் வாயிலிருந்து வந்ததை இல்லை என்பதா? அவர் அரை மணி நேரம் எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று யோசனை சொல்ல, அண்ணன் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். சர்க்கார் ஜீப்பில் போய் இறங்கி, பதிலையும் நானே சொல்லிக் கேட்டுவிட்டு, அதையே ஆதாரம் என்று எழுதியிருக்கிறேன். எப்படிக் கேட்டீங்க என்று அந்தச் சென்னைப் பையன் கேட்டது இதைத்தான். வெட்கமாக இருந்தது.

ஜீப்பிலிருந்து, அளவு குறிக்க வைத்திருந்த சாக்கட்டி ஒன்றை எடுத்து அக்கா கையில் கொடுத்தேன். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேனுங்க. தண்ணி எதுவரைக்கும் வந்துச்சோ, நீங்களே கோடு போடுங்க."

அவர் சாக்கட்டியைக் கொஞ்ச நேரம் கையில் உருட்டினார். பிறகு படியைத் தாண்டி மோட்டார் ரூமுக்குள் போனார். உள்சுவரில், தன் நெஞ்சு உயரத்தில், ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கொஞ்சம் கீழே சுவரில் நாலு ஓட்டைகள் இருந்தன.

"இங்கதானுங்க மோட்டாரோட ஸ்டார்ட்டர் பெட்டி இருந்துச்சு. நாலஞ்சு வருசத்துக்கு முந்தி பெட்டியே முழுகிப்போச்சுங்க. அப்பறந்தான் கழட்டி மேல மாட்டிப்போட்டோமுங்க." மேலே காட்டினார். புதுப்பெட்டி என் தலைக்கு மேலே இருந்தது. கை எட்டாமல் ஒரு முக்காலி வேறு போட்டிருந்தார்கள். மோட்டார் போட முக்காலியில் ஏறுகிற வீட்டில் வெள்ளம் வாசற்படியோடு நின்றது என்று நான் எழுதியிருக்கிறேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது.

"படிச்சவங்க நீங்க ஒரு மட்டத்தச் சொல்றீங்க. இல்லீங்கன்னு எப்படிங்க சொல்றது?" என்றவர், சாக்கட்டியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "இல்லைன்னு சொன்னா பாலம் தள்ளிப்போயிருமோன்னு ஒரு பயமும்தானுங்க" என்றார்.

அந்தப் பயம் நியாயமானது. அளவை மாற்றினால் பாலத்தை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் சாலை நீளும். திட்டத்தை முதலிலிருந்து போட்டு, மறுபடி சென்னைக்கு அனுப்பி, மறுபடி ஆய்வு. அடுத்த மழைக்காலத்துக்குள் நிச்சயம் முடியாது. மாற்றாமல் விட்டால் பாலம் சீக்கிரம் வரும். ஸ்டார்ட்டர் பெட்டி முழுகிய மழை மறுபடி வந்தால், பாலத்தின் மேல்தளத்தையே தண்ணீர் மோதும். அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னேன். இன்னும் ஒரு ஐப்பசி பாலமில்லாமல் தாண்ட வேண்டியிருக்கும் என்றேன். அவர் கண் கலங்கியது. "சரிங்க" என்றார். அந்தச் சரிங்கவும் மரியாதைக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் ஆபீசுக்கு வந்து, முதலில் கொடுத்த வெள்ள மட்டம் தவறு, விசாரித்த முறையும் தவறு என்று என் கையெழுத்தில் எழுதினேன். ஓட்டைகளின் போட்டோவையும் வைத்தேன். சென்னைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு குத்திக் காட்டுவார் என்று காத்திருந்தேன். "ரொம்ப நன்றி மேடம், இப்பக் கணக்கு ஒத்து வருது" என்று மட்டும் சொன்னார். பாலம் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம் மேலே போனது.

நடுவில் வந்த ஐப்பசியை அந்தக் குடும்பம் மேட்டுப்பாளையத்தில் நாத்தனார் வீட்டில் கழித்தது. வானம் இருட்டி, ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டு மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க ஓடும்போதும் அந்தப் பள்ளம்தான் நினைவில் இருக்கும்.

அதற்கு அடுத்த வருடம் பாலம் திறந்தது. அந்தக் கார்த்திகையில் மலையில் விடாமல் மழை. விடிந்ததும் போன்மேல் போன் போட்டேன். அக்கா எடுக்கவில்லை. வியாழக்கிழமை வேறு. பத்து மணி வாக்கில் அவரே கூப்பிட்டார்.

"மேட்டுப்பாளையத்துல இருக்கறமுங்க. காலையிலயே பாலத்து மேல வந்துட்டமுங்க. அவருக்கு ஊசி போட்டு மெசின்ல மாட்டியாச்சு."

பதற்றத்தில் மறுபடியும் பழைய தப்பையே செய்தேன். "தண்ணி நாம போட்ட கோட்டத் தாண்டிருச்சுங்களா?"

"இல்லீங்க மேடம்" என்றார். "தாண்டலீங்க. ஓட்டைக்கு நாலு விரக்கடை கீழயே நின்னுருச்சு. வெடியால தண்ணி எறங்குனதும் நானே உள்ள போய்ச் சுவத்து ஈரத்தப் பாத்துட்டுத்தானுங்க கெளம்புனேன்."

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் 'இல்லீங்க' அதுதான். போனை வைத்துவிட்டு, மேஜையில் தலை கவிழ்த்து ஒரு பாட்டம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு, இதைச் சொல்லச் சென்னைக்காரருக்குப் போன் போட்டேன்.