ஏழாவது புத்தகத்துக்கு ஓர் உறை

தருமபுரி மாவட்டத்தில் அந்த ஆங்கில நாவலாசிரியர் எனக்கு மட்டும்தான் சொந்தம் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதியது ஏழு நாவல்கள். ஏழும் இனிமேல் வரப்போகிற கெட்ட காலத்தைப் பற்றியவை. ஒன்றில் அரசாங்கம் சன்னல் திரைகளைத் தடை செய்துவிடும். இன்னொன்றில் பக்கத்து வீட்டில் என்ன பேசினார்கள் என்று வாரம் ஒரு சீட்டு எழுதி ஆபீசில் கொடுக்க வேண்டும். பெங்களூரில் தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி வாங்கினேன். ஆறு புத்தகங்கள் ஒரே உயரம், மெல்லிய அட்டை. ஏழாவது மட்டும் கெட்டி அட்டை, செங்கல் கனம், மற்றவற்றைவிட நாலு விரல் உயரம். அதை முடித்த அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தேன்.

இண்டூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை நான். வீடு தருமபுரி டவுனில். ஸ்டாஃப் ரூமில் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் டிபன் பாக்ஸ் கழுவப் போய்விடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். பொய். அவரைப் பற்றிப் பேச வேறு ஆள் இல்லை என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமைக்கு உலை வைத்ததும் நானேதான்.

எனக்கு ஜாக்கெட் தைக்கிறவள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை வைத்திருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். முஸ்லிம் குடும்பம், அப்பா காலத்திலிருந்து தையல்தான். பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. ஆனால் அளவு ஜாக்கெட் இல்லாமல் போனால் கலெக்டரே வந்தாலும் துணியை வாங்க மாட்டாள். “அளவு பாக்காம நான் கத்திரிய எடுக்க மாட்டங்க டீச்சர். கண்ணு ஏமாத்தும், டேப்பு ஏமாத்தாது” என்பாள்.

ஒரு நாள் ஹூக் வைக்கும்வரை காத்திருந்தபோது சன்னல் திரை நாவலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். “என்னா கதைங்க டீச்சர்?” என்று கேட்டாள். சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “படிக்கிறியா?” என்று கொடுத்தேன். தாராள மனசெல்லாம் இல்லை. பத்துப் பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, நீங்கள் எப்படித்தான் படிக்கிறீர்களோ என்று அதிசயப்படுவாள், கேட்கச் சுகமாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்துக் கொண்டுவந்தாள். முழுக்கப் படித்திருந்தாள், போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு. புத்தகத்தில் பேனா படக்கூடாது என்று நான் சொல்லியிருந்ததால், நின்று யோசித்த வரிகளுக்குப் பக்கத்தில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, பிறகு பிரஷ்ஷால் தட்டிவிட்டிருந்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நீலமும் மஞ்சளுமாகத் தூள் தெரியும். புத்தகத்துக்கு ஓர் உறையும் தைத்திருந்தாள், என்னுடைய அரக்கு ஜாக்கெட்டில் மிஞ்சிய துணியில்.

“ஒண்ணு கேக்கட்டுங்களா டீச்சர்? தெரைய தட பண்ணிட்டாங்களே, அந்த ஊர்ல தெர தெச்சிட்டிருந்தவங்க என்னா ஆனாங்க?”

நாலு முறை படித்தவள் நான். எனக்குத் தோன்றவே இல்லை. அவளே ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். காவல்காரர்களின் சட்டைக்குத் திரைத்துணி மாதிரி மடிப்பு இருந்தது என்று ஒரே ஒரு வரி. “அவங்கதான் இத தெச்சிருக்காங்க” என்றாள். நான் “ம், ஆமாம்” என்றேன், ஏற்கெனவே தெரிந்தவள் மாதிரி. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வயிறு எரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு புத்தகமாக மற்ற ஐந்தும் போயின, ஐந்தும் என் ஜாக்கெட் துணியில் தைத்த உறையோடு வந்தன. ஒவ்வொன்றும் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, எந்த வரியில் சாக்பீஸ் கோடு இருக்கிறது என்று வேவு பார்ப்பேன். நான் நின்ற இடத்தில் அவளும் நின்றிருந்தால் எரிச்சல் வரும். நான் நிற்காத இடத்தில் நின்றிருந்தால் இன்னும் எரிச்சல். சீட்டு எழுதும் நாவலைப் பற்றி, பயம் மனிதர்களை என்ன செய்யும் என்று அவளுக்கு நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தப் பக்கத்து வூட்டுக்காரி பயந்துகிட்டு எழுதிக் குடுக்கலீங்க டீச்சர். தனக்குக் கெடைக்காதது இவளுக்குக் கெடச்சிடுச்சேன்னுதான் எழுதறா” என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் ஊரில் ஒரு வாசிப்பு வட்டம் உண்டு. இரண்டாவது ஞாயிறு காலையில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடுவோம். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் நடத்துகிறார். அங்கே ஒரே ஒரு கட்டுப்பாடு. எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசினாலும் அந்தப் புத்தகம் மேசைமேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. கூகுளில் பார்த்துவிட்டு வந்து அளக்கிறவர்களுக்காக அவர் வைத்த கட்டுப்பாடு அது. வருஷ முடிவில் ஒரே எழுத்தாளரைப் பற்றி அரை நாள் பேச்சு நடக்கும். என் நாவலாசிரியருக்கு அந்த நாளைக் கொடுங்கள் என்று நாலு வருஷமாக நச்சரித்தேன்.

இந்த வருஷம் கொடுத்தார்கள். பேசப்போவது அவள்!

வட்டத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனவள் நான். முன்னொரு கூட்டத்தில் அவள் திரை விஷயத்தைச் சொல்லப்போக, போஸ்ட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டிருந்தார். “நீங்க எப்ப வேணா பேசலாம் டீச்சர், இந்தப் பொண்ணு பேசட்டுமே” என்றார் என்னிடம். “அதுக்கென்னங்க சார், சந்தோஷம்தான்” என்றேன். சிரித்துச் சிரித்தே கன்னம் வலித்தது.

அடுத்த வாரம் அவள் வீட்டுக்கு வந்தாள். “ஏழாவது மட்டும் பாக்கி டீச்சர். அதையும் படிச்சிட்டுப் பேசிடறன்.”

“ஐயோ, அதைக் கம்பைநல்லூர் டீச்சர் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாங்கம்மா. மாற்றலாகிப் போயிட்டாங்க. போனே எடுக்க மாட்டேங்கறாங்க” என்றேன். யோசிக்காமலே வந்தது. கம்பைநல்லூரில் எனக்கு ஒருத்தரையும் தெரியாது.

“பரவால்லீங்க” என்று டீயைக் குடித்துவிட்டுப் போனாள். புத்தகம் அப்போது பீரோவில் இருந்தது. திடீரென்று அவள் மறுபடி வந்தால் கண்ணில் படக்கூடாது என்று, கீழ் ஓரத்தில் பால்ஸ் பட்டி தைக்கக் கொடுப்பதற்காக எடுத்து வைத்திருந்த புதுப் புடவைகளின் மடிப்புக்குள் அதைச் செருகி, அந்தப் பையையே பீரோவின் அடித்தட்டில் தள்ளினேன். காலாண்டுத் தேர்வுத்தாள் திருத்தும் வேலை வந்தது. அதோடு அந்தப் பையை மறந்துவிட்டேன்.

பேச்சு நாள் வந்தது. உறை போட்ட ஆறு புத்தகங்களையும் என்னிடம் வாங்கி மேசையில் வரிசையாக அடுக்கினாள். என் ஜாக்கெட்டுகள் ஆறும் எல்லார் முன்னாலும் உட்கார்ந்திருந்தன. பேசினாள். தடுமாறினாள், ஆங்கிலப் பெயர்களைத் தன் இஷ்டத்துக்கு உச்சரித்தாள். நான் மனசுக்குள் ஒவ்வொரு தப்பாக எண்ணினேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் அசையாமல் கேட்பதையும் பார்த்தேன். மாரண்டஹள்ளியிலிருந்து வரும் தக்காளி வியாபாரி ஒருவர் எப்போதும் பாதியில் தூங்கிவிடுவார். அன்று விழித்திருந்தார். அது எனக்கு மிகவும் வலித்தது.

கடைசியில் அவள், “ஏழாவது நான் படிக்கலீங்க. டீச்சருதான் படிச்சிருக்காங்க. அதப் பத்தி அவங்க பேசினாதான் நல்லாருக்கும்” என்று சொல்லி என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள், நான் பையிலிருந்து எதையோ எடுப்பேன் என்று காத்திருப்பவள் மாதிரி. அந்த ஏழாவதைப் பற்றிப் பேச எனக்கு எவ்வளவு இருந்தது! வாயெல்லாம் வார்த்தை. எழுந்துவிட்டேன்.

போஸ்ட்மாஸ்டர் கையைக் காட்டினார். “மேசைல புக்கு இல்லீங்களே டீச்சர்.”

உட்கார்ந்தேன். கைதட்டல் முழுக்க அவளுக்குப் போனது.

படியிறங்கும்போது செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை என் கையில் கொடுத்தாள். “ஏழாவதுக்கு ஒறைங்க டீச்சர். என்னிக்காவது திரும்பி வந்தா போட்டுக்குங்க.”

வராத புத்தகத்துக்கு உறையாம். ஆறு புத்தக அளவில் தைத்திருப்பாள், போடும்போது பத்தாது, அதையாவது பார்த்துச் சிரிக்கலாம் என்று வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து பையை இழுத்தேன். புத்தகம் மடிப்புக்குள் அப்படியே இருந்தது. உறையைப் போட்டேன். நூல் அளவுகூடத் தொளதொளக்கவில்லை. நாலு விரல் கூடுதல் உயரம், செங்கல் கனம், எல்லாவற்றுக்கும் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

டேப் வைக்காமல் அவள் கத்திரியை எடுக்க மாட்டாள். புடவையை உதறிப் பார்த்தேன். ஓரத்தில் புதிதாக பால்ஸ் தைத்திருந்தது.

ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கேட்டேன். “நீதான ஒரு மாசமா பைய குடுக்கச் சொல்லி உயிர எடுத்த? நீ பேப்பர் திருத்திட்டிருந்தப்ப கொண்டுபோயிக் குடுத்தன். ஒரு வாரத்துல தெச்சிக் குடுத்தாங்க, வாங்கியாந்து அங்கியே வெச்சன்” என்றார்.

ஒரு வாரம் என் பொய் அவள் மேசைமேல் இருந்திருக்கிறது.

ஆனால் அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? படித்துவிட்டுத்தான் படிக்கவில்லை என்று நடித்திருக்கிறாள், பிடித்துவிடுவேன் என்று சன்னல் பக்கம் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்து சாக்பீஸ் தூளைத் தேடினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரு பொட்டுக்கூட இல்லை. நான் கொடுக்காததால் அவள் திறக்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் நாளே முடித்திருப்பேன். அவளுடைய படிப்பின் மேல் எனக்கு இருந்த பொறாமை அன்றைக்கு அவள் குணத்தின் மேலும் வந்துவிட்டது.

மறுநாள் பள்ளி முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். மிஷினுக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்தேன்.

“வந்திடுச்சுங்களா டீச்சர்?” என்றாள்.

“கம்பைநல்லூர்ல யாருமில்லம்மா” என்றேன்.

“தெரியுங்க டீச்சர்” என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, உறையைத் தடவிவிட்டு, முதல் பக்கத்தைத் திறந்தாள். அவள் முகம் மாறுவது தெரிந்தது. அந்த முதல் வரியை முதல் முறையாகப் படிப்பது என்னவென்று எனக்குத் தெரியும். எனக்கு அது இனிமேல் கிடைக்காது. அவள் பக்கத்தைத் திருப்பும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து, அதற்கும் வயிறெரிந்துகொண்டிருந்தேன்.