எவருமில்லை என்று எழுதிய கடிதம்

போன வாரம் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஓர் இளைஞர் எங்கள் மலையூரான பெரும்பாறைக்குப் போகும் பஸ்ஸை விசாரித்துக்கொண்டிருந்தார். கையில் சூட்கேஸ், காலில் பாலிஷ் போட்ட ஷூ. எங்கள் சபைக்கு வரும் புது ஐயர். சர்ச் போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம், குழப்பிக்கொள்ளாதீர்கள். இவர் எத்தனையாவது ஐயர் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். மழைக்காலத்து அட்டைப்பூச்சிகளைப் பற்றி வாய் திறக்காமல் பஸ்ஸை மட்டும் காட்டினேன்.

மலையிலிருந்து இறங்கி வந்த அந்த பஸ்ஸில் யாரோ எருவுக்காகக் காப்பித்தோல் மூட்டை கொண்டுவந்திருந்தார்கள். அந்தப் புளித்த வாடை இருக்கிறதே, குளித்தாலும் போகாது. எனக்கு அது ஞானமுத்து அண்ணனின் வாடை.

எஸ்டேட்டில் காப்பிப்பழத்தைத் தோலுரிக்கும் மெஷினில் வேலை பார்த்தவர் அவர். ஐயர் இல்லாத ஞாயிறுகளில், அதாவது பெரும்பாலான ஞாயிறுகளில், ஆராதனை நடத்தியவரும் அவரே. பழம் எடுக்கும் மாதங்களில் விடியுமுன்பே மணியடித்து, ஜெபத்தை முடித்து, ஆட்களை வேலைக்கு அனுப்பிவிடுவார். காய்ச்சல்காரர் வீட்டிலும் அவர்தான், கல்லறைத் தோட்டத்திலும் அவர்தான். நான் அப்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், சபைக்குச் செயலாளரும்கூட. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு என்னிடம் வேறு யோக்கியதை கிடையாது.

ஒரு வருஷம் மேலிடத்திலிருந்து, அதாவது பேராயர் அலுவலகத்திலிருந்து, தகவல் வந்தது. சபையே தன் ஆட்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து எழுதினால், படிக்கவைத்து, ஐயராக்கி, அங்கேயே திருப்பி அனுப்புவார்களாம். அண்ணன் மெஷினில் நிற்கும் நேரமாகப் பார்த்துக் கமிட்டி கூடினோம்.

"நேத்து வரைக்கும் எங்கூட எஸ்டேட்டுல கூலி வாங்குன ஆளு. அவரு கையால எப்படிங்க நற்கருணை வாங்குறது?" என்றார் ஒரு பெரியவர்.

"ஒங்க மக பேறுகாலத்துல கெடந்தப்ப வெரசா ஓடியாந்தது எந்த ஊரு ஐயரு?" என்று கமிட்டியில் இருந்த எஸ்தர் அக்கா கேட்டார்.

ஆனாலும் அண்ணனுக்காக உயர்ந்தது எஸ்தர் அக்காவின் கை மட்டும்தான். இங்கிலீஷ் தெரிந்த ஐயர் ஒருவர் வந்தால் எனக்குப் பேச்சுத்துணை ஆகும் என்று நினைத்தேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது. 'எங்கள் சபையில் தகுதியானவர் எவருமில்லை' என்று நிறுத்தி நிதானமாக, அழகாக எழுதினேன்.

மேலிடத்துக்குப் போகிற எந்தக் கடிதத்தையும் ஞாயிறன்று சபைமுன் வாசித்துவிட்டுத்தான் அனுப்புவோம். வாசிப்பவர் அன்றைக்கு ஆராதனை நடத்துகிறவர். எழுதும்போது எனக்கு இது உறைக்கவேயில்லை. அண்ணன் கடிதத்தைப் பிரித்தபோதுதான் உறைத்தது. அவர் எங்கும் இடறாமல் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். மடித்துப் பைபிளுக்குள் வைத்தார். "பாட்டு எடுங்க" என்றார்.

ஆராதனை முடிந்து வாசலில், "அண்ணே..." என்று இழுத்தேன்.

"விடுங்க சார். எழுத்து தெளிவா இருந்துச்சு, வாசிக்கச் சுளுவா இருந்துச்சு" என்றார். குத்தலாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு ஐயர்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, ஒருவருக்குப் பிள்ளைகளின் படிப்பு. இடையிடையே காலியான நாட்களையெல்லாம் அண்ணனே பார்த்துக்கொண்டார். அவர்தான் இருக்கிறாரே என்று வேறு எவரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

போன வருஷம் ஐப்பசி மழையில் அண்ணன் இறந்துபோனார். அப்போதிருந்த ஐயர் கீழே போயிருந்தார், மண் சரிந்து பாதை அடைத்துக் கிடந்தது. பெட்டியைக் குழியோரம் வைத்துவிட்டு, ஊரே குடை பிடித்து நின்றோம்.

"யாராச்சும் ஜெபம் பண்ணுங்களேன்" என்றார் எஸ்தர் அக்கா.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அக்கா என் பக்கம் திரும்பியதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்படிப்பட்ட நேரத்தில் முன்னால் வந்து நிற்க எங்களிடமும் ஒருவர் இருந்தார். அவரைத்தான் அன்று ஒரு வார்த்தை ஜெபமில்லாமல் மண்ணுக்குள் இறக்கினோம்.