இருமியது நான்தான்

என் இருமலை ஒரு மீன்காரம்மாவின் மேல் பழியாகப் போட்டவன் நான். பன்றிக் காய்ச்சல் பரவிய இரண்டாயிரத்து ஒன்பதில் நடந்தது அது.

எனக்கு ஆஸ்துமா. "கூட்டத்துக்குப் போகாதீங்க சார், வீட்டுலயே இருங்க" என்றார் டாக்டர். "அதான் இன்ஹேலர் இருக்கேப்பா, வழக்கம்போல வாக்கிங் போங்க" என்றான் மகன். இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது. காலையில் செருப்பைப் போடுவேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கழற்றிவிடுவேன்.

அப்படி ஒருநாள் எங்கள் பொழிச்சலூர் அடுக்ககத்தின் மாடிப்படியில் தயங்கி நின்றபோது இருமல் வந்தது. கீழே அந்த மீன்காரம்மா யாருக்கோ மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரு சார் அங்க இருமறது?" என்று மேலிருந்து குடியிருப்போர் சங்கச் செயலாளர் அதட்டினார்.

உண்மையைச் சொன்னால் என்னை வெளியே விடமாட்டார்கள் என்று பயந்தேன். "மீன்காரம்மா" என்றேன். மறுநாளிலிருந்து வாட்ச்மேன் அவரை உள்ளே விடவில்லை.

ஒரு வாரம் கழித்துச் செயலாளரிடம் உண்மையைச் சொன்னேன். பிறகு அந்த அம்மாவைத் தேடிப் பம்மல் மீன் கடைகளின் நெரிசலுக்குள் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அது உன் இருமல்னு எனக்கு அன்னிக்கே தெரியும் சார். இந்தக் கூட்டத்துல இன்னா பண்ணிகினு கீற? மூச்சு வாங்குது பாரு, வூட்டுக்குப் போ."

அவர் எங்கள் தெருவுக்குத் திரும்ப வரவில்லை. நான் ஒரு மாதம் படி இறங்கவில்லை. டாக்டர் சொன்னதற்காகவா, அந்த அம்மாவை எங்காவது பார்த்துவிடுவேன் என்றா, எனக்கு இன்றும் தெரியவில்லை.