ஓகே சொன்னால் சமோசா

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. மனைவியின் நச்சரிப்பு தாங்காமல், தில்லி மயூர் விஹாரில் ஞாயிறுதோறும் முன்னாள் சிப்பாய்களுக்காக நடக்கும் மனநலக் கூட்டத்துக்குப் போனேன்.

ஆலோசகர் ஒரு தமிழ்ப் பெண். "எப்படி இருக்கீங்க?" என்றார்.

விறைப்பாக எழுந்து நின்று, "ஆல் ஓகே, மேடம்!" என்றேன். ரோல்கால் பழக்கம், லேசில் விடுமா? மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

அவருக்குக் கடுப்பு. "இனிமே ஓகேன்னு சொல்றவர், எல்லாருக்கும் சமோசா வாங்கித் தரணும்!"

மூன்று வாரம் சமோசாவாகத் தின்றோம். நான்காவது வாரம் பக்கத்து நாற்காலி சர்தார்ஜி, தூக்கமே வருவதில்லை என்று இந்தியில் முணுமுணுத்தார். அட, அவருக்குமா! எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

போன ஞாயிறு ஆலோசகர் வாடிய முகத்தோடு வந்தார். "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டேன்.

"ஓகே சார்."

"சமோசா!" என்று அத்தனை பேரும் கத்தினோம்.